வாய் பார்த்து எழுதியவர்

முதல் தடவை நான் அவரைப் பார்த்தபோது, ஏலம் முடிந்த கடற்கரையில் ஒரு ஆளை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் ஊர் கமிட்டியின் பொருளாளர், சாது. அவருடைய தென்னையில் தேங்காய் காணாமல் போனதற்கு அவருடைய மச்சினன்தான் காரணம் என்று இவர் ஒரு புளுகை எடுத்துவிட்டார். பொருளாளருக்கு முகம் சிவந்து உதடு துடித்தது.

"எனக்க வீட்டுல வந்து தின்னவன்லா அவன்! தின்ன கை காயல்ல, அதுக்குள்ளயா?" என்று கத்தினார்.

இவர் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து முழுவதையும் கேட்டார். பிறகு, "போதும் மக்கா. பொய்யாக்கும் பறஞ்சேன். மச்சினன் தங்கமான ஆளு" என்று தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டார். பொருளாளர் வாயைத் திறந்தபடி மணலில் நின்றார்.

அந்த வருஷத்துத் திருவிழா நாடகத்தில் பொருளாளருக்கு மந்திரி வேஷம். நம்பியவனால் ஏமாற்றப்பட்ட மந்திரி. மூன்றாவது காட்சியில் அவர், "என் இலையில் உண்டவன் அவன்! உண்ட கை உலரவில்லை, அதற்குள்ளா?" என்றபோது மணலில் உட்கார்ந்திருந்த சனம் மொத்தமும் நிமிர்ந்தது. பொருளாளருக்கு நடிக்கவே தெரியாது. அன்று அவர் நடிக்கவும் இல்லை.

முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் அது. அங்கிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருந்தாளுநராக மாற்றலாகிப் போயிருந்தேன். நான் பூதப்பாண்டிக்காரன். வயலும் குளமும் பார்த்து வளர்ந்தவனுக்குக் கடற்கரைப் பேச்சு பிடிபடவே கொஞ்ச காலம் ஆனது. பொருளாளரை வம்புக்கு இழுத்தவர் காலையில் மீன் ஏலம் விடுகிறவர். மற்ற நேரத்தில் நாடகம் எழுதுகிறவர். ஊரில் அவருக்குக் கதைக்காரன் என்று பேர். பெண்கள் கதைக்காரண்ணன் என்பார்கள். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. திருவிழாவுக்கு வருஷம் ஒரு நாடகம், எல்லாம் அவர் எழுதியது. ராஜா ராணிக் கதை, புனிதர் கதை, எதுவானாலும் மேடையில் ஏறுகிறவர்கள் ஊர்க்காரர்கள்தான். பெண் வேஷமும் ஆண்கள்தான் போடுவார்கள்.

நான் கதை எழுதுகிறவன் என்று எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. சிறுபத்திரிகைகளில் என் கதைகள் சில வந்திருந்தன. அதோடு நின்றும் போயிருந்தன. ஒருநாள் மருந்துச் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சாரே, எழுத்து படிச்ச ஆளு நமக்கு வேணும். திரைக்குப் பொறத்த நின்னு வசனம் எடுத்துக் குடுக்கணும். வருவியளா?" என்றார். அப்படித்தான் போனேன்.

ஆள் முடிவாகாமல் அவர் ஒரு வரி எழுதமாட்டார் என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. கதை முதலில் பிறக்காது. இந்த வருஷம் யார் யார் ஏறுகிறார்கள் என்று முடிவாக வேண்டும். பிறகு அந்த ஆட்களின் பின்னால் அலைவார். வலை பின்னும் இடத்தில், டீக்கடையில், கோயில் வாசலில். கொஞ்சம் பேசவிடுவார், கொஞ்சம் கோபப்படுத்துவார், சிரிக்கவைப்பார். சில பேர் அவரைக் கண்டாலே பாதையை மாற்றிப் போவார்கள். "மண்டக்குள்ள நான் எதையும் உண்டாக்கறதில்ல சாரே. ஒவ்வொருத்தன் வாயிலயும் அவனவனுக்க வசனம் ஏற்கனவே கெடக்கு" என்பார்.

மிக்கேல் என்று ஒரு வள்ளக்காரர் இருந்தார். திக்குவாய். கேலிக்குப் பயந்து கடலில்கூட சைகையில் பேசுகிறவர். அவருக்குத் தூதன் வேஷம் என்று இவர் அறிவித்ததும் கமிட்டியில் ஒரே கூச்சல். திருவிழா அன்றைக்கு ஊர் மானம் போகும் என்றார்கள். இவர் வேஷத்தை மாற்றவில்லை. திரைக்குப் பின்னால் நான் வசனத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிக்கேல் ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்து, "அரசே, எதிரியின் சேனை ஆற்றைத் தாண்டிவிட்டது" என்று தொடங்கி, ஒரு பக்கம் முழுவதையும் மடமடவென்று சொல்லி முடித்தார். ஓரிடத்திலும் நிற்கவில்லை. மிக்கேலுடைய சம்சாரம் கூட்டத்தில் எழுந்து நின்று, தான் நிற்பது தெரியாமலே நின்றாள்.

என் கையிலிருந்த தாளை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். படை என்று வரவேண்டிய இடத்தில் எல்லாம் சேனை. பகைவன் இல்லை, எதிரி. பாலம் இல்லை, ஆறு. அந்தப் பக்கம் முழுவதிலும் 'ப'வில் தொடங்கும் சொல் ஒன்றுகூட இல்லை. மிக்கேலின் நாக்கு எந்த எழுத்தில் சிக்கும் என்று இவர் கேட்டு வைத்திருக்கிறார். அந்த ஒரு எழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு யுத்தத்தையே எழுதிவிட்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மிக்கேலிடமும்கூட. நான் கேட்டபோது, "பாத்துட்டியளா?" என்று சிரித்தார், அவ்வளவுதான்.

தாளை எடுத்துவைத்தால் ஒன்றும் வருவதில்லை என்று ஒருநாள் என் கஷ்டத்தை அவரிடம் சொன்னேன். பாதி எழுதிய கதை ஒன்று இருப்பதாகவும், அடுத்த வரி வரமாட்டேன் என்கிறது என்றும் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"வராம எங்க போவும்? ஊருல ஆளு பேசாமலா இருக்கு?"

"உமக்கு இப்படி ஆனதே இல்லையா?"

"எனக்கு அந்தச் சீக்கு வந்ததில்ல சாரே" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. அம்மை வந்ததில்லை என்பது மாதிரி சொன்னார்.

எல்லா நாடகத்திலும் ராஜா வேஷம் லூர்துக்குத்தான். கதைக்காரரோடு ஒரே தெருவில் பிறந்தவர் லூர்து. நெஞ்சிலிருந்து எழும்பும் குரல். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நான் ஒரு தடவைகூட லூர்துக்கு வசனம் எடுத்துக்கொடுத்ததில்லை. ஒரு சொல் பிசகாது. வசனத்துக்கு நடுவே சில இடங்களில் சட்டென்று நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். "அவன் நிறுத்துதத நான் எழுத முடியாது. அது அவனுக்க சொத்து" என்பார் இவர்.

அந்தப் புயல் வந்தது. அங்கே புயல் என்றாலே அது ஒன்றுதான். பெயர் சொல்லமாட்டார்கள். ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் போன போட்டுகள் பல திரும்பவில்லை. கடற்கரையில் சனம் நாள் கணக்காக நின்றது. சிலர் எங்கெங்கோ கரையேறி வீடு வந்தார்கள். சிலரின் உடல் வந்தது. லூர்து போன போட்டிலிருந்து எதுவுமே வரவில்லை.

சுகாதார நிலையத்தில் கூட்டம் கூடியது. உறக்கம் வரவில்லை என்று வந்தவர்கள்தான் அதிகம். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்து மாத்திரையை எண்ணிப் போடும்போது நிமிர்ந்து முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

அந்த வருஷம் நாடகம் இல்லை. அடுத்த வருஷம் கமிட்டி கேட்டபோது கதைக்காரர் சரி என்றார். ஆளும் சொன்னார்கள். லூர்தின் இடத்துக்கு வாட்டசாட்டமான ஒரு இளவட்டம், நல்ல குரல். இவர் வழக்கம்போல அவன் பின்னால் அலைந்தார். தாளோடு உட்கார்ந்தார்.

ஒன்றும் வரவில்லை.

மதியம் புறநோயாளிகள் போனபிறகு மருந்தகத்து பெஞ்சில் வந்து உட்காருவார். தாளில் 'ராஜா' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்திருப்பார். அதன் பிறகு வெறுமை. ஒருநாள் அந்தத் தாளை என் முன்னால் வைத்தார்.

"சாரே, ராஜான்னு எழுதினதும் அவனுக்க சத்தம் வருது. அந்தச் சத்தத்துல எழுதிட்டா, சொல்ல அவன் இல்ல. இந்தப் பையனுக்கு எழுதலாம்னு பாத்தா, இவனுக்க வாயில ஒண்ணும் கெடக்க மாட்டேங்கு. நான் போயி எட்டிப் பாத்தா அங்கயும் அவன்தான் இருக்கான்."

ராஜாவே இல்லாத கதை எழுதிப் பார்த்தார். சிரிப்பு நாடகம் எழுதிப் பார்த்தார். பங்குச் சாமியார் ஒரு புனிதரின் கதையைக் கொடுத்து, "இதுல சண்டை இல்லை, கடல் இல்லை, நிம்மதியா எழுதுங்க" என்றார். புனிதர் இரண்டு வரி பேசினார். இரண்டும் லூர்து பேசியதுபோல இருந்தது என்று கிழித்துப் போட்டார். பழைய நாடகத்தின் வீடியோ யாரோ ஒருவருடைய போனில் இருந்தது. அதை வாங்கி, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, லூர்தின் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். சத்தம் வைத்துக் கேட்கத் துணிச்சல் இல்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஏலம் மட்டும் விட்டார், யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிக்கிறவர்போல.

திருவிழாவுக்கு வெளியூர் மெல்லிசைக் குழு வந்தது. அதற்கடுத்த வருஷங்களிலும் அதுவேதான். சனமும் பழகிக்கொண்டது. 'எனக்கு அந்தச் சீக்கு வந்ததில்ல' என்று சொன்ன மனுஷன் என் கண்ணெதிரே வற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. எழுதாமல் இருப்பதில் எனக்கு அனுபவம் உண்டு. நான் அதோடு சோறு தின்று, வேலைக்குப் போய், தூங்கி எழுந்துகொண்டிருந்தேன். அவருக்கு அது முடியவில்லை.

லூர்தின் மனைவி ஸ்டெல்லா ரத்த அழுத்த மாத்திரை வாங்க வருவாள். கடற்கரையில் மீன் வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கிறவள். அதிகம் பேசமாட்டாள். கழுத்தில் தாலி கிடந்தது. அதை எடுக்கச் சொல்லவும் ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு மதியம் அவள் வந்தபோது அவர் பெஞ்சில் இருந்தார். மாத்திரையை முந்தியில் முடிந்துகொண்டு வாசல் வரை போனவள் நின்றாள்.

"அண்ணே, இந்த வருசமும் பாட்டுக் கச்சேரி தானா?"

அவர் தலையை ஆட்டினார்.

"ஏன்?"

"வரமாட்டேங்கு ஸ்டெல்லா. அவனுக்க வாயி இல்லாம எனக்கு எழுத வராது. அதாக்கும் நெசம்."

அவள் நிலையில் கையை வைத்து அவர் பக்கம் திரும்பினாள். பிறகு, "அவருக்குப் படிக்கத் தெரியாதுல்லா?" என்றாள்.

"தெரியாது. மிக்கேலோ யாரோ படிச்சுக் காட்டுவான்."

"யாரு சொன்னா? நானாக்கும் படிச்சுக் காட்டுதது. சாயங்காலம் அடுக்களையில நான் மீனு அறுத்துக்கிட்டே சொல்லுவேன், அவரு கேட்டுத் திருப்பிச் சொல்லுவாரு. அப்பிடித்தான் எல்லா நாடகமும். வெளிய சொல்லப்பிடாதுன்னுட்டாரு. பெண்டாட்டி சொல்லிக் குடுத்து ராஜா ஆனான்னு ஊரு சிரிக்கும்லா."

அவர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "அப்போ அந்த நிறுத்து? நடுவுல நிறுத்துவானே?"

"அது மீனுக்க தலைய வெட்டுத எடம். கத்திய ஓங்கினா பேச முடியாதுல்லா. நான் நிறுத்தினத அவரும் நிறுத்தினாரு."

சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. பிறகு, யாரும் கேட்காமலே, தலைச்சும்மாட்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று பழைய ராஜா வசனம் ஒன்றைச் சொன்னாள்:

"கதவைத் திறந்து வையுங்கள். தோற்றவன் வருகிறான் என்பதற்காக," இங்கே நிறுத்தினாள். கத்தி ஓங்கி இறங்கும் நேரம். "என் கோட்டைக் கதவை ஒருநாளும் சாத்தியதில்லை."

லூர்தின் குரல் அதில் இல்லை. அவளுடையது மெல்லிய, கொஞ்சம் கரகரத்த குரல். ஆனால் ஏற்றமும் இறக்கமும் அந்த நிறுத்தமும் அப்படியே இருந்தன. இத்தனை வருஷமும் லூர்தின் குரலில் நாங்கள் கேட்டது இவளைத்தான் என்று எனக்கு உறைக்கவே நேரமானது. மாத்திரை டப்பாவின் மூடி என் கையில் இருந்தது, டப்பா எங்கே என்று தெரியவில்லை. அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன.

"இன்னொருக்கா சொல்லு பிள்ளே" என்றார்.

அவள் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு என் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டு, செருப்பையும் விட்டுவிட்டு வெளியே போனார்.

அதற்கப்புறம் அவர் எழுதியதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒரு மனுஷன் எழுதி நான் பார்த்ததில்லை. ஏலம் முடிந்ததும், கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருந்த தூண்டில் வளைவுக் கல்லில் போய் உட்காருவார். சோற்றுக்குக் கூப்பிட ஆள் போக வேண்டியிருக்கும். தலை நிமிராது. ஒவ்வொரு வரியையும் எழுதுமுன் உதடு அசையும். ஸ்டெல்லா மீன் பெட்டியோடு போனால், "ஏட்டி, ராஜா மந்திரிய ஏசணும். நீ எப்பிடிச் சொல்லுவ?" என்று கேட்பார். அவள் நடந்தபடியே எதையாவது சொல்லிவிட்டுப் போவாள். அது நேராகத் தாளில் போகும்.

லூர்துக்கு வசனம் படித்துக் காட்டியவள் ஸ்டெல்லாதான், இந்தத் தடவை அவளே மேடையேறட்டும் என்று அவர் கமிட்டியில் சொன்ன அன்று பெரிய சண்டை. நானும் உட்கார்ந்திருந்தேன். பெண் மேடையேறுவதே அந்த ஊரில் கிடையாது. அதுவும் கடலில் போனவனுக்கு ஒரு முடிவு தெரியாத நிலையில் இருக்கிற பெண்.

"சரி, ஏறட்டும். ராணி வேசம் குடுத்திரும்" என்று தலைவர் ஒருவழியாக இறங்கிவந்தார்.

"ராணி இல்ல. ராஜா" என்றார் இவர்.

"மீசை வச்சா?"

"மீசை எதுக்கு? மீசையா வசனம் சொல்லுது?"

மூலையிலிருந்து மிக்கேல் எழுந்தார். கூட்டத்தில் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. "ப... ப... ப..." என்று சிக்கினார். எல்லாரும் காத்திருந்தோம். முகமெல்லாம் வேர்த்தது. "படிச்சது அவ. பங்கும் அவளுக்குத்தான்" என்று முடித்து உட்கார்ந்தார். வேறு சொல்லில் சுற்றிப்போயிருக்கலாம். போகவில்லை. தலைவர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, சரி என்றார்.

திருவிழா அன்று பொழுது சாயும்போதே நாடகம் தொடங்கிவிட்டது. மணலில் இடமில்லை. முன்வரிசையில் புயலில் ஆள் போன வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஸ்டெல்லா மீசையில்லாமல், கிரீடத்தோடு வந்தாள். முதலில் இளவட்டங்கள் ஓரத்திலிருந்து விசிலடித்தார்கள். அவள் இரண்டாவது வசனத்தை முடிக்குமுன் அது நின்றுவிட்டது.

கதை இதுதான். ராஜாவின் தம்பி போருக்குப் போய்த் திரும்பவில்லை. இருக்கிறானா இல்லையா என்றும் தெரியவில்லை. அவனுடைய இருக்கை சபையில் காலியாகவே கிடக்கிறது. அதில் யாரும் உட்காரக் கூடாது என்பது ராஜாவின் கட்டளை. மந்திரிகள் கெஞ்சுகிறார்கள், நாடு கெடுகிறது, ராஜா கேட்பதில்லை. கடைசிக் காட்சியில் ராஜா அந்த இருக்கையின் அருகே போய் நின்று பேச வேண்டும்.

ஸ்டெல்லா போய் நின்றாள். இருக்கையின் கைப்பிடியில் கையை வைத்தாள்.

"இதை வெறுமையாய் வைத்து அவனைக் காப்பதாக நினைத்தேன். இது வெறும் மரம். அவன் இதில் இல்லை."

அடுத்த வரி வரவில்லை.

தாளில் அங்கே நிறுத்தம் எதுவும் இல்லை. நான் பார்த்தேன், இல்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து, வசனத்தை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற அவர் என் வாயைப் பொத்தினார். திரையின் இடுக்கு வழியாக அவள் முதுகு தெரிந்தது. தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. கடற்கரையில் அவ்வளவு சனம் இருந்தும் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தை என்னால் அளக்க முடியாது.

"யாராவது உட்காருங்கள்" என்றாள். "வெற்று இருக்கையைப் பார்த்துப் பார்த்து என் கண் தேய்ந்துவிட்டது."

தூதன் வேஷத்தில் இருந்த மிக்கேல் மெதுவாக நடந்துவந்து அந்த இருக்கையின் நுனியில் உட்கார்ந்தார். திரை இறங்கியது. கைதட்டல் இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் வாய்விட்டு அழத் தொடங்கினாள். பிறகு இன்னொருத்தி. புயலுக்குப் பிறகு அத்தனை பேர் சேர்ந்து அழுது நான் கேட்டது அன்றுதான். தனித்தனியாக மாத்திரை வாங்கிப் போனவர்கள் அவர்கள்.

அவர் என் வாயிலிருந்து கையை எடுத்தார். முகமெல்லாம் ஈரம். "அந்த நிறுத்து நான் எழுதினதில்ல சாரே" என்றார். "அங்க மீனும் இல்ல, கத்தியும் இல்ல. அது அவளுக்கது."

நான் இப்போது அந்த ஊரில் இல்லை. பத்மநாபபுரம் பக்கம் மாற்றலாகி வந்துவிட்டேன். பாதியில் நின்ற கதையை ஒருவழியாக முடித்தேன். அதில் வருகிறவர்கள் என்னைப்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள், அதுதான் கோளாறு. அதைச் சரிசெய்ய எத்தனையோ பேருடைய பேச்சுக்குக் காது கொடுக்கவேண்டி இருந்தது. அந்தக் கதை பரவாயில்லை என்பார்கள். ஆனால் எழுத்து என்றதும் எனக்கு ஞாபகம் வருவது என் கதை எதுவும் இல்லை. அன்றைக்குத் திரை இறங்கிய பிறகு நடந்தது.

ஸ்டெல்லா மேடைக்குப் பின்னால் வந்து கிரீடத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். அட்டைக் கிரீடம் நெற்றியில் சிவப்பாகத் தடம் போட்டிருந்தது. செம்பில் இருந்த தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, அடுத்த வருசம் சிரிக்குதது மாதிரி ஒண்ணு எழுதும். நான் சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டிமேல் உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்தார்.

"எங்க, ஒருக்கா சிரிச்சுக் காட்டு பாப்பம்" என்றார்.

"சும்மா எப்பிடிச் சிரிக்க?" என்று வெட்கப்பட்டாள். முந்தியால் வாயை மூடினாள். பிறகு மிக்கேல் ஒட்டுத் தாடியைப் பிய்த்தெடுக்க முடியாமல் ஆவென்று கத்திக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. முதலில் ஒரு செருமல் மாதிரி, துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி வந்தது. அப்புறம் குலுங்கிக் குலுங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உதடு அசையத் தொடங்கியிருந்தது.